பாதை போட்டால் வியாபாரம் வருமா?



ஊரை ஒட்டி நடைபாதையும் சைக்கிள் பாதையும் வரப்போகிறது என்றால் நாம் முதலில் கேட்பது, "இதனால் நமக்கு என்ன வரவு?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வரவைக் கணக்கிடும் முறையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நியூசிலாந்து நாட்டில் நடந்த ஒன்றைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அந்நாட்டின் தென் தீவில் ஒட்டாகோ என்ற பகுதி உள்ளது. அதன் உட்பகுதிக்கு 1879-இல் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். கம்பளியும் பழங்களும் அதில்தான் துறைமுகம் பக்கம் போயின. லாரிகள் பெருகியதும் ரயிலுக்குச் சரக்குக் குறைந்தது. கிளைட் அணைக்குச் சாமான் கொண்டு போகும் வேலையும் முடிந்தபின், 1990-இல் மிடில்மார்ச் ஊருக்கு அப்பால் பாதை மூடப்பட்டது. ரயில் நின்ற ஊரில் கடைத்தெரு என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1993-இல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அந்த நிலம் முழுவதையும் ஒரே துண்டாக எடுத்துக்கொண்டது. திட்டத்தின் முதல் சரியான கணக்கு இதுதான். துண்டு துண்டாக விற்றிருந்தால் பிறகு என்ன விலை கொடுத்தாலும் ஒன்று சேர்த்திருக்க முடியாது. அடுத்த ஆண்டு உள்ளூர்க்காரர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்து நிதி திரட்டினார்கள். பாலங்களுக்குப் பலகை போட்டு, சரளை பரப்பி, 2000-ஆம் ஆண்டில் சுமார் 150 கிலோமீட்டர் பாதையும் திறக்கப்பட்டது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆடுகள் மிரளும், கேட்டைத் திறந்து போட்டுப் போவார்கள், தீ பிடிக்கும் என்று பண்ணைக்காரர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு வேலியும் கேட்டும் போட்டுப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வியாபாரம் எப்படி வந்தது? ரயில் பாதையில் ஏற்றம் குறைவு. ஆகவே வயதானவர்களும் சைக்கிளில் வரலாம். முழுத் தூரம் போக மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். காரில் வருபவர் ஊரைத் தாண்டிப் போய்விடுவார். சைக்கிளில் வருபவர் பசியோடு வந்து நிற்பார். இடையிலுள்ள சிற்றூர்களில் அவர் உண்ண வேண்டும், உறங்க வேண்டும். தங்கும் விடுதி, சைக்கிள் வாடகை, மூட்டை கொண்டு சேர்த்தல் என்று புதுத் தொழில்கள் பிறந்தன. ஓடுரேஹுவா என்ற சிற்றூரின் பழைய மளிகைக் கடைக்கும் வழிப்போக்கர் வாடிக்கை கிடைத்தது. இதைப் பார்த்த அரசு, 2009-இல் நாடெங்கும் சைக்கிள் பாதைகள் அமைக்க 5 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கியது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை:

1. பாதையின் நீளம் வரவு ஆகாது. எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை இரவு தங்குகிறார்கள், தலைக்கு என்ன செலவிடுகிறார்கள் என்பதே வரவு.

2. கடைத்தெருவைத் தொடாமல் ஊருக்கு வெளியே போகும் பாதையால் நமக்குப் பயனில்லை. தண்ணீர், நிழல், கழிப்பறை, சைக்கிள் நிறுத்த இடம் ஆகியவை கடைகளுக்கு அருகே அமைய வேண்டும்.

3. போடும் செலவைவிடப் பராமரிப்புச் செலவே முக்கியம். அதை யார் ஏற்பார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

4. கூட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும். அதை நம்பிக் கடனுக்குச் சரக்கு குவிக்கக் கூடாது. உள்ளூர் வாடிக்கையே முதல். வழிப்போக்கர் வாடிக்கை அதற்கு மேல் வருவது.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால் கடையைவிட்டுப் போக நமக்கு மனம் வருவதில்லை. நாம் போகாவிட்டால் பாதை எங்கே திரும்ப வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்வார்கள். கோடு போட்டபின் கூச்சலிட்டுப் பயனில்லை. எனவே ஒரு வாரம் கடைக்கு வருவோரை எண்ணுங்கள். நடந்து வந்தவர் எத்தனை, வண்டியில் வந்தவர் எத்தனை, சரக்கு இறக்க லாரி எந்த நேரம் வருகிறது என்று குறித்து வையுங்கள். அந்தக் கணக்கைச் சங்கத்தின் மூலம் மனுவாகக் கொடுப்போம். கணக்கோடு பேசும் வியாபாரியின் சொல்லுக்கு மதிப்பு உண்டு.