மூச்சு வாங்கும் பூனை

கேள்வி: எங்கள் 14 வயதுப் பூனைக்கு முலைக்காம்பருகே இருந்த புற்றுக்கட்டியைப் போன வருடம் அறுவை செய்து எடுத்தார்கள். இப்போது மூச்சு வாங்குகிறது. நெஞ்சுக்குப் பரவியிருக்குமா?

பதில்: பரவியிருக்கலாம். இந்தப் புற்று நுரையீரலுக்குப் போவது சகஜம். ஆனால் இதயநோயிலும் இப்படி மூச்சு வாங்கும். பார்க்காமல் மனதை விட்டுவிடாதீர்கள்.

திணறும் பூனையை எக்ஸ்ரேவுக்காக அமுக்கிப் பிடிக்கக் கூடாது, முதலில் ஆக்சிஜன். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் ஸ்கேனிலேயே தெரியும். அதை ஊசியால் எடுத்தால் மூச்சு இலகுவாகும், அந்த நீரிலேயே புற்றணுக்களையும் தேடலாம். அணு தென்படாவிட்டாலும் புற்று இல்லையென்று ஆகிவிடாது.

பிறகு எக்ஸ்ரே: வலப்பக்கம், இடப்பக்கம், நேராக என மூன்று படம் கேளுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது கீழே அழுந்தும் நுரையீரலில் சிறு கட்டிகள் மறைந்துவிடும். சிடி ஸ்கேன் இன்னும் நுணுக்கமாகக் காட்டும், ஆனால் பெரும்பாலும் மயக்கமருந்து தேவைப்படும்.

தூக்கத்தில் நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல் போனாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ இன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.