பிக்கப் வண்டிக்கு ஏற்ற எஞ்சின் ஒயில்

ஒரு பிக்கப் வண்டியை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. சொந்தக் காணியை விட்டு வந்து, வேறிடத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்வோருக்கு இது நன்கு தெரியும். கத்தரியும் பூசணியும் தம்புள்ளைச் சந்தைக்குப் போவதும், உரமும் விதையும் தோட்டத்துக்கு வருவதும், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் அந்த ஒரு வண்டியில்தான். அதன் எஞ்சின் பழுதானால் ஒரு போகத்தின் வருமானம் திருத்த வேலைக்கே போய்விடும். எஞ்சினைக் காக்கும் மலிவான வழி, சரியான ஒயிலை உரிய காலத்தில் மாற்றுவதாகும். எது சரியான ஒயில் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

ஒயிலின் வேலை

எஞ்சினுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசாமல் இடையே மெல்லிய படலமாக நிற்பதே ஒயிலின் முதல் வேலை. அதோடு பிஸ்டனின் சூட்டை எடுத்துச் செல்கிறது. கரியையும் அழுக்கையும் ஏந்தி பில்டருக்குக் கொண்டுபோகிறது. டீசலிலுள்ள கந்தகம் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிக்கிறது. டீசல் எஞ்சினில் புதிய ஒயில் விரைவிலேயே கறுத்துவிடும். அது கரியைச் சுமக்கிறது என்பதே அதன் பொருள். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து ஒயில் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

கலனில் பார்க்க வேண்டிய இரு குறிகள்

முதலாவது, தடிப்பைக் காட்டும் எஸ்.ஏ.ஈ. எண். உதாரணமாக 15டபிள்யூ-40. ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறிதானால், கடுங்குளிரிலும் ஒயில் இலகுவாக ஓடும். பின்னுள்ள எண், 100 பாகை செல்சியசில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. 30 ஐ விட 40 உம், 40 ஐ விட 50 உம் தடிப்பானவை. வன்னியிலும் மன்னாரிலும் உறைபனி இல்லை. ஆகவே முன் எண் 15 ஆ 20 ஆ என்பது எமக்குப் பெரிய வித்தியாசம் தராது. பின் எண்ணையே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பழைய டீசல் பிக்கப்புகள் பலவற்றுக்கு 15டபிள்யூ-40 பொருந்தும். ஆயினும் முடிவைச் சொல்வது வண்டியின் கைநூலே. அது தொலைந்திருந்தால், எஞ்சின் வகையைக் குறித்துச் சென்று, அதே வகையில் பழகிய மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

இரண்டாவது, தரத்தைக் காட்டும் ஏ.பி.ஐ. எழுத்துகள். ‘எஸ்’ இல் தொடங்குபவை பெற்றோல் எஞ்சினுக்கு. ‘சி’ இல் தொடங்குபவை டீசலுக்கு. சி.எவ்-4 1990 இலும், சி.எச்-4 1998 இலும், சி.ஐ-4 2002 இலும், சி.கே-4 2016 இறுதியிலும் வந்தவை. கைநூல் சி.எவ்-4 கேட்டால் சி.எச்-4 அல்லது சி.ஐ-4 விடலாம். சி.ஐ-4 கேட்டால் சி.எவ்-4 க்கு இறங்கக் கூடாது. சில கலன்களில் சி.ஐ-4/எஸ்.எல் என இரண்டும் இருக்கும். அது இருவகை எஞ்சினுக்கும் ஆனது. எவ்.ஏ-4 என்பது அண்மைக்காலக் கனரக எஞ்சின்கள் சிலவற்றுக்கான மெல்லிய ஒயில். பழைய வண்டிக்கு வேண்டாம். புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ள புதிய பிக்கப்புக்குச் சாம்பல் குறைந்த ஒயில் தேவை. அங்கே கைநூல் சொல்வதை மாற்றவே கூடாது.

பணம் குறைவாக உள்ளபோது

விலை கூடிய ஒயிலை வாங்கி ஒன்றரை வருடம் ஓட்டுவதிலும், இரு குறிகளும் பொருந்திய சாதாரண ஒயிலை நேரத்துக்கு மாற்றுவது மேல். பல பழைய டீசல் பிக்கப்புகளுக்கு 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அதுவே கணக்கு. வாரம் 200 கி.மீ. ஓடினால் 25 வாரத்தில் 5,000 ஆகிவிடும். புழுதி வீதியில் பாரம் ஏற்றி ஓடும் வண்டிக்கு இன்னும் முந்தியே மாற்ற வேண்டும். பில்டரையும் கூடவே மாற்றுங்கள்.

மருந்தடிக்கும் இயந்திரத்துக்குப் பெற்றோலில் கலக்கும் ஒயிலையோ, முத்திரை உடைந்த கலனில் விற்கும் ஒயிலையோ ஒருபோதும் விட வேண்டாம். நீலப் புகை வருகிறதென்று மேலும் மேலும் தடிப்பான ஒயில் ஊற்றுவோர் உண்டு. புகை சற்றுக் குறையலாம். தேய்ந்த ரிங் அதனால் சீராகாது.

1990களில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது வடக்கில் மண்ணெண்ணெயில் கார்கள் ஓடியதை மூத்தவர்கள் அறிவார்கள். 2022 தட்டுப்பாட்டின்போதும் டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தவர்கள் உண்டு. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் ரிங்கைக் கடந்து இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அப்போது எவ்வளவு நல்ல ஒயிலும் எஞ்சினைக் காக்காது.

ஒயில் பார்க்கும் முறை

வண்டியைச் சமதரையில் விட்டு, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். மட்டம் இரு கோடுகளுக்கும் இடையில் நிற்க வேண்டும். மேற்கோட்டைத் தாண்ட ஊற்றினால் ஒயில் நுரைத்து, எஞ்சினுக்குத் தீங்காகும். பால் கோப்பி நிறமாயின் தண்ணீர் கலந்துள்ளது. மட்டம் உயர்ந்து டீசல் மணத்தால் டீசல் இறங்குகிறது. இரண்டில் எது நேர்ந்தாலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பலர் சேர்ந்து வைத்திருக்கும் வண்டியில், ‘மற்றவர் பார்த்திருப்பார்’ என்று எல்லோரும் இருந்துவிடுவதே பெரிய ஆபத்து. வண்டிக்குள் ஒரு கொப்பி வையுங்கள். ஒயில் மாற்றிய திகதி, ஓடிய கி.மீ., ஒயிலின் குறிகள், ஊற்றிய அளவு ஆகியவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு பயணக் கூலியிலும் ஒரு சிறு தொகையை ஒயிலுக்கென ஒதுக்குங்கள்.

கழிவு ஒயில்

வடித்த ஒயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த பிரச்சினை 2015 இல் யாழ்ப்பாணம் முழுவதையும் கலங்கச் செய்தது. அதை மூடிய கலனில் சேர்த்து, கழிவு ஒயிலைப் பொறுப்பேற்கும் கராஜில் கொடுங்கள். கையில் பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். நாம் இன்று இருக்கும் காணி பிறருடையதாக இருக்கலாம். நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொது.

கலந்துரையாடலுக்கு

1. எமது வண்டியில் இப்போதுள்ள ஒயிலின் இரு குறிகள் எவை? கைநூலோடு அவை பொருந்துகின்றனவா?
2. கடைசியாக எப்போது ஒயில் மாற்றினோம்? அதை எழுதி வைத்திருப்பவர் யார்?
3. அடுத்த மாற்றத்துக்கான பணத்தை இன்றிலிருந்து எப்படிச் சேர்க்கலாம்?