வேரியபிள் பெயரும் ஆங்கிலப் பன்மையும்: நிரல் எழுதத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டேட்டாபேஸில் உள்ள டேபிள்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் பைத்தான் நிரலைத் தானாக எழுதித் தரும் கருவி ஒன்றைச் செய்யப் போகிறீர்கள். 'ஸ்டூடன்ட்ஸ்' என்ற டேபிளைப் பார்த்ததும், பட்டியலுக்கு அதே பெயரையும் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் 'ஸ்டூடன்ட்' என்ற பெயரையும் வைத்து ஃபார் லூப் எழுதுகிறது கருவி. அடுத்த டேபிள் 'கிளாசஸ்'. அதே முறையில் ஒருமையைக் கண்டுபிடித்து 'கிளாஸ்' என்று எழுதுகிறது. ஆங்கிலம் சரிதான், ஆனால் நிரல் ஓடாது. 'கிளாஸ்' பைத்தான் தனக்கென ஒதுக்கிவைத்த சொல்.

பெயர் விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பதும், ஆங்கிலச் சொல்லை ஒருமை பன்மை ஆக்குவதும் வேறு வேறு வேலைகள்தாம். ஆனாலும் இப்படி முட்டிக்கொள்ளும். அதனால் பெயரை முழுதாக உருவாக்கிய பிறகே சரிபார்க்க வேண்டும். இங்கே சரிபார்ப்பை முதலில் கட்டிவைத்துக்கொண்டு, பன்மைக்குப் போய், இறுதியில் இரண்டையும் இணைப்போம்.

படி 1: அடிப்படை விதிகள்

பெரும்பாலான மொழிகளில் விதி ஒன்றுதான். முதல் குறி எழுத்தாகவோ அண்டர்ஸ்கோராகவோ இருக்க வேண்டும். அதன்பின் எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் எதுவும் வரலாம். இடைவெளியும் ஹைஃபனும் கூடாது. 'மார்க்2' செல்லும், '2மார்க்' செல்லாது.

மொழிக்கு மொழி சில சலுகைகள் உண்டு. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் டாலர் குறியை அனுமதிக்கும். சி ஷார்ப்பில் முன்னால் அட் குறி போட்டால் ஒதுக்கப்பட்ட சொல்லையே பெயராக வைக்கலாம். ஜாவாவில் தனி அண்டர்ஸ்கோரை மட்டும் பெயராக வைப்பது 9ஆம் பதிப்பிலிருந்து செல்லாது.

படி 2: மொழியிடமே கேளுங்கள்

சரிபார்ப்பை நீங்களே எழுத வேண்டியதில்லை. பைத்தானில் ஒவ்வொரு ஸ்டிரிங்கோடும் 'இஸ்ஐடென்டிஃபயர்' என்ற மெத்தட் வருகிறது. எழுத்து விதிகளை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் 'கிளாஸ்' என்று கொடுத்தாலும் அது 'ட்ரூ' என்றே சொல்லும், ஒதுக்கப்பட்ட சொற்களை அது கணக்கில் எடுப்பதில்லை. 'கீவேர்டு' மாட்யூலில் உள்ள 'இஸ்கீவேர்டு' ஃபங்ஷனையும் சேர்த்தே அழையுங்கள். முதலாவது 'ட்ரூ', இரண்டாவது 'ஃபால்ஸ்' என்றால் மட்டுமே பெயர் செல்லும்.

ஒதுக்கப்பட்ட சொற்களைக் கையால் பட்டியலிட்டு வைக்காதீர்கள். 'அசிங்க்', 'அவெயிட்' இரண்டும் 2018இல் வந்த பைத்தான் 3.7இல்தான் ஒதுக்கப்பட்டன. அதுவரை அவற்றை வேரியபிளாக வைத்திருந்த நிரல்கள் அந்தப் பதிப்பில் நின்றுபோயின. மாட்யூலைக் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் பதிப்புக்கான பதில் கிடைக்கும்.

எழுத்துகளின் அமைப்பைப் பொருத்திப் பார்க்கும் ரெகெக்ஸை எழுதியே ஆக வேண்டும் என்றால் ஒரு பொறியைத் தெரிந்துகொள்ளுங்கள். பைத்தானில் முடிவைக் குறிக்கும் டாலர் குறி, பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் ஒரு புதுவரிக் குறியைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். 'ஃபுல்மேட்ச்' பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

படி 3: தமிழில் பெயர் வந்தால்

பைத்தான் 3இல் 'மதிப்பெண்' என்று தமிழிலேயே வேரியபிள் வைக்கலாம். யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தந்திருக்கும் வகையை வைத்தே மொழி இதை முடிவு செய்கிறது. இதில் நான்கு இடங்களில் கவனம் தேவை.

• உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் பெயரின் நடுவில் வரலாம், தொடக்கத்தில் வர முடியாது.

• ௧ முதல் ௯ வரையான தமிழ் எண்கள் பெயருக்குள் செல்லும். ௰, ௱, ௲ ஆகியவை வேறு வகையில் சேர்வதால் செல்லாது.

• ரெகெக்ஸில் சொல்லெழுத்தைக் குறிக்கும் சுருக்கக் குறி, பைத்தானின் 'ஆர்இ' மாட்யூலில் புள்ளியையும் துணைக்குறிகளையும் எழுத்தாகக் கொள்வதில்லை. 'தமிழ்' என்ற சொல்லே அதில் தேறாது. 'இஸ்ஐடென்டிஃபயர்' தடையின்றி ஏற்கும்.

• 'கொ' என்பதன் துணைக்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். நிரலில் எழுதிய பெயர்களைப் பைத்தான் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஸ்டிரிங்குகளை அப்படிச் செய்யாது. டேட்டாபேஸிலிருந்து வரும் பெயரை 'யூனிகோடுடேட்டா' மாட்யூலின் 'நார்மலைஸ்' கொண்டு என்எஃப்கேசி வடிவத்துக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.

படி 4: பன்மைக்கு விதிவிலக்குகளே முதலில்

ஆங்கிலப் பன்மையை 'எஸ் ஒட்டு' என்று தொடங்குகிறவர்கள் சீக்கிரமே சிக்கிக்கொள்வார்கள். புகழ்பெற்ற பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவே, நீங்கள் பன்மையைச் சொல்லாவிட்டால், 'கேட்டகரி'யின் ஒய்யை அப்படியே விட்டு எஸ் ஒட்டிக் காட்டும்.

முதலில் இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள்.

மாறவே மாறாதவை: ஷீப், சீரிஸ், ஸ்பீஷீஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட்.

தம் போக்கில் மாறுபவை: பெர்சன் – பீப்பிள், சைல்டு – சில்ட்ரன், ஆக்ஸ் – ஆக்ஸன், கிரைட்டீரியன் – கிரைட்டீரியா.

பட்டியலை முழுச் சொல்லோடு ஒப்பிடுங்கள். ஈற்றை மட்டும் பார்த்தால் 'ஆக்ஸ்' விதி 'பாக்ஸ்' மீதும் பாய்ந்துவிடும். 'மேன்' – 'மென்' விதியை எழுதினால் 'ஹியூமன்', 'ஜெர்மன்' இரண்டும் கெடும். அவற்றுக்கு எஸ் போதும்.

படி 5: ஈற்றெழுத்து விதிகள்

பட்டியலில் இல்லாத சொல்லுக்கு, கீழே உள்ள வரிசையிலேயே விதிகளைப் பாருங்கள். முதலில் பொருந்தும் விதியோடு நிறுத்திவிடுங்கள்.

1. ஐஎஸ் என முடியும் 'அனாலிசிஸ்' போன்றவற்றில் ஐஎஸ் போய் இஎஸ் வரும். அடுத்த விதிக்கு முன்னால் இது இருந்தே ஆக வேண்டும்.

2. எஸ், எக்ஸ், இசட், சிஎச், எஸ்எச் என முடிந்தால் இஎஸ் சேரும்: பஸ், பாக்ஸ், பிராஞ்ச், டிஷ்.

3. ஆங்கில மெய்யெழுத்தை அடுத்து ஒய் வந்தால், ஒய் நீங்கி ஐஇஎஸ் வரும்: கம்பெனி, சிட்டி. உயிரெழுத்தை அடுத்து வந்தால் எஸ் மட்டும்: கீ, டே.

4. மற்ற எல்லாவற்றுக்கும் எஸ்.

எஃப், ஓ ஈறுகளுக்கு விதி எழுத முயலாதீர்கள். 'லீஃப்', 'நைஃப்' விஇஎஸ் பெறும். 'ரூஃப்', 'சீஃப்' எஸ் பெறும். 'ஹீரோ'வுக்கு இஎஸ், 'ஃபோட்டோ'வுக்கு எஸ். இவற்றின் இடம் விதிவிலக்குப் பட்டியல்தான். 'ஸ்டமக்' சிஎச்சில் முடிந்தாலும் எஸ் மட்டுமே பெறுவதற்குக் காரணம் அதன் ஒலி. எழுத்தை மட்டும் பார்க்கும் நிரலுக்கு அது தெரிய வழியில்லை. 'குவிஸ்' இசட்டை இரட்டிக்கும். இதுவும் பட்டியலுக்கே.

'ஆர்டர்ஐட்டம்' போன்ற கூட்டுப் பெயரில் கடைசிச் சொல்லை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுங்கள். முதலெழுத்து பெரியதாக இருந்தால் மாற்றிய சொல்லிலும் அப்படியே இருக்க வேண்டும்.

படி 6: லைப்ரரி வேண்டுமா?

டேமியன் கான்வே 1998இல் ஆங்கிலப் பன்மைக்கான வழிமுறையை எழுதி, பெர்ல் மாட்யூலாகவும் தந்தார். பைத்தானின் 'இன்ஃப்ளெக்ட்' அந்த வழியில் வந்தது. டாட்நெட்டில் 'ஹியூமனைசர்' உண்டு. ரூபி ஆன் ரெயில்ஸ் தன் பட்டியலில் 'ஸோம்பி'க்குக்கூட இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அதில் உள்ள விதிகளைத் திருத்த வரும் மாற்றங்களை ரெயில்ஸ் குழு ஏற்பதில்லை. ஒரு பன்மை மாறினால், பழைய நிரல்கள் தேடும் டேபிள் பெயரும் மாறிவிடும் அல்லவா? தேவையான சொற்களை அவரவர் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எந்த லைப்ரரியை எடுத்தாலும் அதன் பதிப்பை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 7: உருவான பெயரை மறுபடி சோதியுங்கள்

இப்போது இரண்டையும் இணைக்கலாம். ஒருமை, பன்மை இரண்டையும் உருவாக்கிய பின் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒதுக்கப்பட்ட சொல்லா? 'கிளாசஸ்' – 'கிளாஸ்', 'இம்போர்ட்ஸ்' – 'இம்போர்ட்' இரண்டும் இங்கே பிடிபடும். பைத்தான் வழக்கப்படி பெயரின் இறுதியில் ஓர் அண்டர்ஸ்கோர் சேருங்கள். எஸ்க்யூஎல்லில் நிலைமை தலைகீழ்: 'ஆர்டர்' ஒதுக்கப்பட்டது, 'ஆர்டர்ஸ்' இல்லை. பன்மையே அங்கே காப்பாற்றுகிறது.

ஒருமையும் பன்மையும் ஒன்றா? 'சீரிஸ்' பட்டியலில் லூப் ஓடினால், உறுப்பின் பெயர் பட்டியலின் பெயரையே அழித்துவிடும். பன்மைக்குப் பின்னால் 'லிஸ்ட்' என்று சேர்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நீளம் சரியா? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாக ஒரு பெயரில் 63 பைட் வரைதான் ஏற்கும். மீறினால், ஒரு குறிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதியை வெட்டிவிடும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 21 குறிகள்தான் இடம்பெறும். துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியாகவே எண்ணப்படும்.

பாதுகாப்புக்காக இன்னொன்று: எஸ்க்யூஎல் கேள்வியில் மதிப்புகளை பாராமீட்டராக அனுப்பலாம், டேபிள் பெயரை அப்படி அனுப்ப முடியாது. பயனர் தரும் பெயரை, டேட்டாபேஸில் உண்மையில் இருக்கும் டேபிள்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே கேள்வியில் சேருங்கள்.

படி 8: டெஸ்ட் எழுதி, கதவைத் திறந்து வையுங்கள்

பாக்ஸ், ஆக்ஸ், கீ, சிட்டி, அனாலிசிஸ், ஹியூமன், பெர்சன், சீரிஸ், கிளாசஸ், 2மார்க், காலி ஸ்டிரிங். இத்தனையும் உங்கள் முதல் டெஸ்ட்டில் இருக்கட்டும். புதிதாகத் தவறும் ஒவ்வொரு சொல்லும் பட்டியலுக்கும் டெஸ்ட்டுக்கும் சேர்ந்தே போக வேண்டும்.

கடைசியாக, கருவியோடு ஒரு சிறிய கான்ஃபிக் ஃபைல் கொடுங்கள். 'இண்டெக்ஸ்' என்ற சொல்லுக்கு 'இண்டிசஸ்', 'இண்டெக்ஸஸ்' என இரண்டு பன்மைகளும் செல்லும். எது வேண்டும் என்பதை அந்தக் குழு அதில் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஃபைலில் உள்ள பெயரை மற்ற எல்லா விதிகளுக்கும் முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் படி 7இன் சோதனையிலிருந்து அதற்கும் விலக்கு தராதீர்கள்.