கோப்பு இல்லாமலே கோப்பு: பைத்தானில் ஸ்ட்ரிங்ஐஓ

லேப்ல ஒரு ஃபங்ஷன் எழுதுறீங்க. அது ஏற்கெனவே திறந்த கோப்பை வாங்கி வரி வரியா படிக்கும். அதைச் சோதிக்க, கையில் இருப்பதோ ஒரு ஸ்ட்ரிங் வேரியபிள்தான். இதுக்காக டிஸ்க்ல தற்காலிகக் கோப்பு உருவாக்கி, படிச்சு, அழிக்கணுமா? வேண்டாம்.

பைத்தானின் 'ஐஓ' மாட்யூலில் ஸ்ட்ரிங்ஐஓ என்ற கிளாஸ் இருக்கு. நினைவகத்தில் உள்ள ஸ்ட்ரிங்கை அது கோப்பு மாதிரியே காட்டும். ரீட், ரைட், ரீட்லைன் எல்லாம் அப்படியே வேலை செய்யும். உங்க ஃபங்ஷனுக்கு வித்தியாசமே தெரியாது. (கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறோம், டைப் பண்ணும்போது ஆங்கிலத்தில்.)

செஞ்சிக்குப் பக்கத்தில் தளவானூர் இருக்கு. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்ருமல்லேசுவராலயம் அங்கேதான். அந்த ஊர்ப் பெயரையே எழுதிப் பார்ப்போம்.

காலியான ஸ்ட்ரிங்ஐஓவில் 'தளவானூர்' என்று ரைட் பண்ணுங்க. 8 என்று விடை வரும். உடனே ரீட் பண்ணினா வெறும் ஸ்ட்ரிங்தான் கிடைக்கும்! எழுதினது எங்கேயும் போகலை. படிக்கும் இடத்தைக் காட்டும் குறி, எழுதி முடித்த இடத்திலேயே நிக்குது. சீக்(0) கொடுத்து ஆரம்பத்துக்குக் கொண்டு வந்துட்டு ரீட் பண்ணுங்க, முழுசா வரும். குறி எங்கே இருந்தாலும் மொத்தமும் வேணும்னா கெட்வேல்யூ போதும்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. ஸ்ட்ரிங்ஐஓவை உருவாக்கும்போதே உள்ளடக்கம் கொடுத்தா, குறி 0இல் இருக்கும். அடுத்து ரைட் பண்ணினா பழசின் மேலேயே எழுதும். கடைசியில் சேர்க்கணும்னா முதலில் சீக்(0, 2).

அது சரி, நாம் படிப்பது த, ள, வா, னூ, ர் என 5 எழுத்துதானே, 8 எப்படி? துணைக்கால், ஊகாரக் குறி, புள்ளி மூன்றும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். இதையே யூடிஎஃப்-8 ஆக்கி பைட்ஸ்ஐஓவில் எழுதினா 24 வரும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அதிலிருந்து 4 பைட் மட்டும் படிச்சு டிகோட் பண்ணினா, 'ள' நடுவில் வெட்டுப்பட்டு எரர் வரும். அதனால் உரைக்கு ஸ்ட்ரிங்ஐஓ. படம், ஜிப் போன்றவற்றுக்கு பைட்ஸ்ஐஓ.

கடைசியா ஒன்று: க்ளோஸ் பண்ணிட்டா உள்ளே இருந்தது போயிடும். அதுக்கு முன்னாடியே கெட்வேல்யூவை எடுத்து வைங்க. தளவானூர்க் கல்வெட்டு மாதிரி ராம் காத்திருக்காது!