புதுப் போனுக்குக் கடன் வாங்கும் முன்...



பேங்க் ஓ.டி.பி., கேஸ் பதிவு, பிள்ளைகளின் பள்ளித் தகவல், அவசரத்துக்கு 108 என்று எல்லாவற்றுக்கும் இன்று செல்போன் வேண்டியிருக்கிறது. "சார்ஜே நிக்கல, புதுப் போன் வாங்கணும்" என்று குழுவில் கடன் கேட்பதும் நடக்கிறது. பல நேரம் பழசானது போன் இல்லை, பேட்டரி மட்டும்தான். பேட்டரியை நன்றாக வைத்துக்கொண்டால் அந்தக் கடனே தேவைப்படாது.

பேட்டரி ஏன் தேய்கிறது?

இன்றைய போன், லேப்டாப் இரண்டிலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. "முழுசா தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. இதற்குப் பொருந்தாது.

இதற்கு மூன்று எதிரிகள்: சூடு, அடியோடு தீர்ந்துபோவது, 100 சதவீதத்திலேயே மணிக்கணக்கில் நிற்பது.

இன்று பாதி, நாளை பாதி ஏற்றினால் ஒரு முழு சார்ஜ் என்றுதான் கணக்கு. அதனால் நம்ம சேமிப்பு போல, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதில் தப்பில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. 20 சதவீதத்துக்குக் கீழே போகுமுன் சார்ஜ் போடுங்கள். 80 வந்ததும் எடுத்துவிடுங்கள். வெளியூர் போகும் நாளில் 100 வரை ஏற்றலாம்.

2. வெயில் படும் ஜன்னல், அடுப்படி, தலையணைக்கு அடி ஆகிய இடங்களில் சார்ஜ் போட வேண்டாம். போன் சூடானால் உறையைக் கழற்றி ஆறவிடுங்கள்.

3. இரவு முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். 100 ஆனதும் போன் தானாக நிறுத்திக்கொண்டாலும், நிறைந்தே நிற்பதால் தேய்மானம் உண்டு. மாலை சமையல் நேரத்தில் போட்டு எடுத்துவிடலாம்.

4. சார்ஜ் ஏறும்போது பிள்ளைகளுக்கு கேம் விளையாடக் கொடுக்காதீர்கள். சூடு கூடும்.

5. போனுக்கு ஏற்ற, பி.ஐ.எஸ். முத்திரை உள்ள சார்ஜரையே வாங்குங்கள்.

6. கூட்டமைப்பு லேப்டாப்பை மெத்தை மேல் வைத்தால் காற்றுத் துளை அடைபடும், மேஜை மேல் வையுங்கள். எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் லேப்டாப் என்றால், 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பலவற்றில் உண்டு.

எச்சரிக்கை

பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பையில் போடாமல் சர்வீஸ் கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

* நம் வீட்டில் போன் எங்கே, எத்தனை மணி நேரம் சார்ஜில் இருக்கிறது?
* நம் குழுவில் யாருடைய போன் பேட்டரி உப்பியிருக்கிறது? இன்றே எடுத்துப் பார்ப்போமா?