படிவத்தோடு போகிறவர்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பது?

கேள்வி: பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலைசெய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சிப் பொறுப்பில் இருக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் நல்லவர்கள், உழைக்கவும் தயங்காதவர்கள். ஆனால் படிவத்தோடு வீட்டுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ‘தாய்க்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை’, ‘வரவுக்கு மேல் செலவு’, ‘சொன்னதைக் கேட்பதில்லை’ என்று குறிப்பு எழுதுகிறார்கள். இரண்டாம் முறை போனால் பல வீடுகளில் கதவே திறப்பதில்லை. சேமிப்பு, குழந்தை வளர்ப்பு என்று கூட்டம் போட்டாலும் ஆள் சேரவில்லை. அடுத்த மாதம் புதியவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடத்த வேண்டும். எதில் தொடங்கலாம், மேடம்?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: கதவு திறக்காத வீடுகளிலிருந்தே தொடங்கலாம், அம்மா. அந்த வீடுகளில் பலவும் கூவம், அடையாறு கரைகளிலிருந்து வந்தவை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்களும் அங்கே நிறைய. கரையில் இருந்தபோதே இவர்களைப் பலர் வந்து எண்ணிக்கொண்டு போனார்கள். கணக்கெடுத்தவர்கள் போன பிறகு வந்தது புல்டோசர். கையில் தாளும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் வாசலில் நின்றால் அந்த அம்மாவின் மனதில் என்ன ஓடும் என்பதை உங்கள் பிள்ளைகள் முதல் நாளே அறிய வேண்டும். அதனால் முதல் இரண்டு சந்திப்புகளுக்குப் படிவமே வேண்டாம். ‘நீ யார், எதற்கு வந்தாய், உன்னால் என்ன முடியும், என்ன முடியாது’ என்பதை மூன்று நிமிடத்தில் சொல்லப் பழகட்டும். முடியாததைச் சொல்வதுதான் முக்கியம். வேலை வாங்கித் தருவார்கள், வீட்டை மாற்றித் தருவார்கள் என்று நம்பி ஏமாந்த குடும்பம் அடுத்து வருகிறவரையும் நம்பாது.

அதன் பிறகு பணக் கணக்கு. இதற்கு முழுதாக ஒன்றரை நாள் ஒதுக்குங்கள். மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டு ஒரு கட்டத்தில் எழுதுவதோடு நம் படிவம் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த வீட்டில் பணம் மாதக் கணக்கில் ஓடுவதில்லை. அம்மா அடையாறில் இரண்டு வீட்டில் வேலை செய்தால் சம்பளம் ஒன்றாம் தேதிக்கும் ஐந்தாம் தேதிக்கும் நடுவில் வரும். அப்பா பெயின்டர் என்றால் சனிக்கிழமை கூலி, ஐப்பசி கார்த்திகை மழையில் அதுவும் இல்லை. குழுக் கடன் தவணை செவ்வாய்க்கிழமை காலை. தான் கட்டாவிட்டால் குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும், பிறகு அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. அதற்காகத் திங்கட்கிழமை இரவு வட்டிக்கு வாங்குவார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் தோடு அடகுக் கடைக்குப் போகும். இதையெல்லாம் வார வாரியாக, தேதி வாரியாக ஒரு பெரிய தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்தபின் ‘வரவுக்கு மேல் செலவு’ என்று யாராலும் குறிப்பு எழுத முடியாது. பணம் வரும் நாளும் போகும் நாளும் பொருந்தாததுதான் அந்த வீட்டின் சிக்கல் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கணக்கு எழுதியதோடு நிறுத்திவிடக் கூடாது, அதை வைத்து ஏதாவது செய்யவும் தெரிய வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்குத் தரும் நுண்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022-இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் பிள்ளைகள் அந்தத் தாளிலேயே தவணைகளைக் கூட்டிப் பார்க்கட்டும். தாண்டியிருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்கச் சட்டப்படி இடம் இருக்கிறது. வசூலுக்கு வந்து மிரட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சேமிப்பு வகுப்புக்கு வராத பெண்கள் இதைப் பேசும் கூட்டத்துக்கு வருவார்கள்.

‘சொன்னதைக் கேட்பதில்லை’ என்ற குறிப்புக்கும் இங்கேதான் விடை. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு நம் மண்ணிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் அறுவடைக்கு முன் ஒரு முறை, பணம் கைக்கு வந்த பின் ஒரு முறை சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள். அதே ஆள்தான். ஆனால் கையில் பணம் இல்லாத மாதங்களில் மதிப்பெண் குறைந்தது, வெட்டு முடிந்து காசு வந்ததும் ஏறியது. காசுக் கவலை மூளையில் அத்தனை இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தவணைக்கு முந்தின நாள் மாலை போய்க் குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசினால் எந்தத் தாயின் காதிலும் ஏறாது. எந்தக் கிழமை போகக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் பயிற்சிதான்.

அடுத்தது சான்றிதழ்கள். இதைக் கற்றுத் தராத சமூகப்பணிக் கல்வியில் பெரிய குறை இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மேரி ரிச்மண்ட், பீஸ்டெக் என்று சமூகப்பணி அறிஞர்களையெல்லாம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு வருமானச் சான்று எத்தனை மேசை தாண்டி வருகிறது என்று தெரியாது. கணவர் வீட்டை விட்டுப் போய்விட்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கைவிடப்பட்டோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதற்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்தாண்டு கடந்திருக்க வேண்டும். போய் இரண்டே ஆண்டுதான் ஆகிறது என்றால் அந்த வழி அடைத்துவிடும். அங்கே ‘தகுதி இல்லை’ என்று எழுதிவிட்டுத் திரும்புகிறவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. கணவரை இழந்தவர், விவாகரத்தானவர், குடும்பத்தால் கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அதில் இடம் இருக்கிறது. நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். வருவாய்த் துறையில் மூடிய கதவுக்குப் பக்கத்தில் சமூகநலத் துறையில் ஒரு கதவு இருப்பதை அந்தத் தாயிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு நாள் முழுக்க இ-சேவை மையத்தில் விடுங்கள். ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் பெயரில் ஒரு வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கட்டும். ஆதாரில் ‘செல்வி’, குடும்ப அட்டையில் ‘செல்வி மு.’ என்று இருந்தால் என்ன நடக்கிறது, ஓ.டி.பி. போகும் பழைய செல்போன் எண் யாரிடம் இருக்கிறது, முகவரி இன்னும் சிந்தாதிரிப்பேட்டையிலேயே நிற்கிறதா என்பதையெல்லாம் வரிசையில் நின்றால்தான் கற்க முடியும். கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 2023-இல் வந்தபோது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைத்திருந்தார்கள். குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு ‘நமக்குக் கிடையாதாம்’ என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். மேல்முறையீட்டு மனு எழுதத் தெரியாத ஒருவரைக் களத்துக்கு அனுப்பாதீர்கள். வீட்டுப் பணியாளர் நல வாரியப் பதிவையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் உங்கள் குடியிருப்பில் நிச்சயம் இருப்பார்கள்.

‘படிப்பில் அக்கறை இல்லை’ என்ற குறிப்புக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புப் பெண் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் அது குற்றச்சாட்டாகத்தான் தாயின் காதில் விழும். ‘நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன நடந்தது, சொல்லுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடித்தது, ஆறு மணிப் பேருந்துக்கு ஓடியது, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, அதைப் பார்த்துக்கொள்ளப் பெரியவளை நிறுத்தியது எல்லாம் வரும். இங்கே அக்கறைக்கு ஒரு குறையும் இல்லை, பகலில் குழந்தையை விட ஓர் இடம்தான் இல்லை. வறுமையால் நடப்பதைப் புறக்கணிப்பு என்று எழுதிவிட்டால் அந்த ஒரு வரி பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பும் வரை போகலாம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015 இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது.

அதே சமயம் பிள்ளைக்கு உண்மையிலேயே கொடுமை நடக்கிற வீடும் உண்டு, அங்கே மென்மை காட்டக் கூடாது. போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும். ‘நீங்க சொல்றது எதையும் வெளியே சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பது அந்தத் தாய்க்குச் செய்யும் துரோகம். எதை என்னால் மறைக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். இதைச் சொல்லும் விதத்தை நடித்து நடித்துப் பழகச் செய்யுங்கள்.

மிகால் க்ரூமர்-நெவோ என்ற இஸ்ரேலியப் பேராசிரியர் சமூகப்பணியில் வறுமையைப் பார்க்கும் பார்வையையே மாற்ற வேண்டும் என்று பல ஆண்டுகள் உழைத்தவர். 2020-இல் புத்தகமாகவும் எழுதினார். அவர் சொல்வது: ஏழைகள் வறுமையை ஒவ்வொரு நாளும் எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள், பணியாளர் அந்த எதிர்ப்பைக் கண்டுகொண்டு அதன் பக்கம் நிற்க வேண்டும். அந்த நாட்டில் இந்த வழியில் நடக்கும் குடும்பத் திட்டங்களில், குடும்பமும் பணியாளரும் சேர்ந்து முடிவெடுத்துச் செலவழிக்க ஒரு தொகையும் இருக்கிறது. உங்கள் நிதியில் சிறு பங்காவது அப்படி ஒதுக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். காய்ச்சல் குழந்தையைப் பார்க்க ஒரு வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுக்கும் பணம், பத்துக் கூட்டத்தால் ஆகாததைச் செய்துவிடும்.

ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடாது. வாரம் ஒரு மணி நேரமாவது ஒவ்வொருவரோடும் நீங்கள் உட்கார்ந்து எந்த வீட்டில் கோபம் வந்தது, எங்கே அழுகை வந்தது, எங்கே பயந்தார்கள் என்று பேச வேண்டும். நூறு வீட்டை ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் பயிற்சி போதவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. படிவத்தையும் மாற்றுங்கள். ‘குடும்பம் என்ன செய்யவில்லை’ என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘நாம் என்ன செய்து கொடுத்தோம், எந்தத் தேதியில்’ என்று ஒரு கட்டம் இருக்கட்டும்.

கடைசியாக, பயிற்றுநர்கள். என்னைப் போன்றவர்களை ஒரு நாளுக்கு மேல் அழைக்க வேண்டாம். அதே குடியிருப்பில் கடனைக் கட்டி முடித்தவர், உதவித்தொகைக்கு அலைந்து வாங்கியவர், பிள்ளையைக் கல்லூரி வரை கொண்டுவந்தவர் என்று நான்கைந்து பெண்களை முதல் நாளே வகுப்பெடுக்க அழையுங்கள். வெளியிலிருந்து வரும் பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே தொகையை அவர்களுக்கும் கொடுங்கள், அன்றைக்கே கையில் கொடுங்கள். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வருகிறார்கள்.