கட்டிலோரத்தில் நிற்பவரைக் கேள்

ஹவுன்ஸ்லோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

நேற்றுப் போனில் கதைத்தபோது உனக்குச் சரியான கோபம். ஆராய்ச்சிக்கு எடுக்கவேண்டிய ரத்தம் நேரத்துக்கு எடுபடவில்லை, படிவங்களில் பாதி வெறுமையாகக் கிடக்கிறது, வாட்டில் உள்ள நேர்ஸ்மாருக்கு அக்கறையே இல்லை என்று பொரிந்து தள்ளினாய். அந்த வேலையில் தலை நரைத்த ஒருத்தியிடம்தான் இதைச் சொல்கிறோம் என்பது உனக்கு மறந்துபோயிற்று. போனில் பதில் சொன்னால் வாக்குவாதத்தில் முடியும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த ரத்தத்தை இரவு ஏழரைக்கு எடுக்கவேண்டும் என்று யார் தீர்மானித்தது? பகல் ஷிஃப்ட்காரர் இரவு ஷிஃப்ட்காரரிடம் பொறுப்புக் கொடுக்கும் நேரமல்லவா அது? ஒருத்தி கட்டில் கட்டிலாக நோயாளியின் நிலையைச் சொல்லிக்கொண்டு வர, மற்றவள் குறித்துக்கொண்டு வருவாள். அதற்குள் ஒருவர் கழிப்பறைக்குப் போக மணி அடிப்பார். இன்னொருவரின் சேலைன் முடிந்து மெஷின் கத்தும். அது முடிய மருந்து வண்டியைத் தள்ளவேண்டும். உன் குழாயை யார் நினைப்பார்? திட்டம் எழுதும்போதே வாட்டில் ஒருவரைக் கேட்டிருந்தால், நேரத்தை மாற்றச் சொல்லி அங்கேயே சொல்லியிருப்பார்.

நான் சொல்ல வருவது இதுதான்: நேர்ஸ்மாரை உன் ஆராய்ச்சிக்குக் கைகாலாக மட்டும் வைத்திராதே. கேள்வி எழும்போதே பக்கத்தில் இருத்திக்கொள்.

கேள்வியே கட்டிலோரத்தில் பிறந்த கதை இந்த லண்டனிலேயே உண்டு. டொரீன் நோர்ட்டன் என்ற நேர்ஸ், சக ஆய்வாளர் மக்லாரன், முதியோர் வைத்தியர் எக்ஸ்டன்-ஸ்மித் ஆகியோருடன் சேர்ந்து செய்த ஆய்வு 1962இல் வெளிவந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களுக்குப் புண் வராமலிருக்க, முதுகிலும் இடுப்பிலும் ஸ்பிரிட், சோப், களிம்பு என்று தேய்த்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். தேய்ப்பதால் பயனில்லை, நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்கவைப்பதே புண்ணைத் தடுக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் நான்கு புள்ளி வரை போட்டு, மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் புண் வரக்கூடியவர் என்று கணிக்கும் முறையும் அதிலிருந்தே வந்தது. எந்த முதுகு எப்போது சிவக்கிறது என்பதைத் தினமும் பார்த்தவர்கள் கேட்கக்கூடிய கேள்வி அது.

நம் பக்கத்திலும் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் இங்குள்ள பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து நடத்தின. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானட்டோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஒரு வருடம் அதே மருந்து. வீட்டில் சரியாக மருந்து எடுக்கிறார்களா? அதை அறிய, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நெரிசலான வீடு, போதாத சாப்பாடு. அப்படியிருந்தும் வீட்டில் இருந்தபடி எடுத்த சிகிச்சை சானட்டோரியத்துக்குக் குறைந்ததல்ல என்று 1959இல் எழுதினார்கள்; கூட இருப்பவர்களுக்குத் தொற்றும் அதனால் கூடவில்லை என்று பிறகு எழுதினார்கள். உலகம் முழுக்கச் சானட்டோரியங்கள் மூடப்பட அது ஒரு காரணம். படியேறிப் போய்க் கதவைத் தட்டியவர்கள் இல்லாவிட்டால் அந்த முடிவை யார் நம்பியிருப்பார்?

கொரோனாக் காலத்தையும் நினைத்துப் பார். ஒக்ஸ்ஃபோர்டில் இருந்து நடத்திய ரிகவரி ஆய்வு 2020 மார்ச்சில் தொடங்கி, ஜூன் 16ஆம் தேதியே டெக்ஸாமெதசோன் உயிர் காக்கிறது என்று சொல்லிவிட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஒக்சிஜனில் இருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. மூச்சுவிட நேரமில்லாத வாட்டுகளில் இது எப்படி நடந்தது? ஆளைச் சேர்க்கும்போது ஒரு சிறு படிவம், வீட்டுக்குப் போகும்போதோ 28ஆம் நாளிலோ இன்னொன்று. வாட்டின் சுமையை அறிந்து திட்டத்தைச் சுருக்கினார்கள். உன் படிவம் எத்தனை பக்கம்?

சம்மதம் வாங்கும் விஷயத்தில் இன்னும் கவனம். ஹவுன்ஸ்லோப் பக்கத்தில் பஞ்சாபி, தமிழ், சோமாலி, போலிஷ் என்று எத்தனை மொழிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். நீ போய் விளக்கினால் நம்மூர் ஆச்சி “ஓம் டொக்டர்” என்று தலையாட்டிவிடுவா. நீ போன பிறகு, ரத்த அழுத்தம் பார்க்க வரும் பிள்ளையின் கையைப் பிடித்து, “மேனே, வேண்டாம் என்று சொன்னால் என்னைப் பார்க்கமாட்டினமோ?” என்று கேட்பா. அந்தப் பயத்தை அறிந்தவர் நேர்ஸ். “இவவிடம் இன்றைக்குக் கேட்கவேண்டாம்” என்று ஒருவர் சொன்னால், அதைத் தடங்கலாக நினைக்காதே. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, ஆறுதலாக, திரும்பவும் விளக்கு.

இனிச் செய்யவேண்டியவை. நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சிக்கு, நேர்ஸ்மாரின் லீவு நாளில் அல்ல, வேலை நேரத்திலேயே இடம் கேட்டு வாங்கிக் கொடு. மேட்ரனிடம் நீயே போய்க் கதை. யார் எதைச் செய்யலாம் என்று எழுதும் பதிவேட்டில் பெயர் இல்லாதவரிடம் ஆராய்ச்சி வேலையைத் தள்ளாதே. தேசிய ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஹெச்ஆர் நடத்தும் அசோசியேட் பிஐ என்ற துணை ஆய்வாளர் பயிற்சித் திட்டம் ஆறு மாதம்; டொக்டர்மாருக்கு மட்டுமல்ல, நேர்ஸ்மாருக்கும் அதில் இடமுண்டு. ஆர்வமுள்ள ஒருவரை அதில் சேர். கட்டுரை எழுதும்போது வேலைக்கேற்ற இடத்தில் பெயரைப் போடு. கடைசி வரியில் “வாட்டு ஊழியர்களுக்கு நன்றி” என்று முடித்துவிடாதே. முடிவு வந்ததும் முதலில் வாட்டுக்குப் போய்ச் சொல். தாங்கள் எடுத்த ரத்தம் என்னவாயிற்று என்று ஒருநாளும் கேள்விப்படாதவர்கள் அடுத்த முறை ஏன் ஓடி வருவார்கள்?

அடுத்த திட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பமுன், இரவு வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்துச் சிவப்புப் பேனையால் வெட்டச் சொல். எவ்வளவு வெட்டுகிறாரோ, அவ்வளவு கோபம் உனக்கு மிச்சம்.

அன்புடன்,
பெரியம்மா